மூளை முதுமையும் ஆக்சிஜனேற்ற அழுத்தமும்

ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்பது, உடல் செல்களில் உண்டாகும் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் அவற்றைத் தணிக்கும் காப்பை விஞ்சிவிடும் நிலை. உடல் எடையில் 2 விழுக்காடே உள்ள மூளை, உடல் செலவிடும் ஆக்சிஜனில் சுமார் 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. எளிதில் சிதையும் கொழுப்பும் அதில் மிகுதி. மறதிநோய் ஆய்வில் இக்கருத்து வேரூன்றியது இதனால்தான்.

இத்தகைய காப்புப் பொருளைக் குறிக்கும் 'ஆன்டி-ஆக்சிடன்ட்' என்ற சொல் மருந்துக்கடைக்கு வருமுன் ரப்பர் ஆலையில் புழங்கியது. டயர் வெயிலிலும் காற்றிலும் விறைத்து வெடிப்பு விடாமலிருக்கக் கலவையில் சேர்க்கும் பொருள் அது. 1946-இல் சென்னையின் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். பின்னாளில் டயருக்கு வந்தது. அந்த ஊருக்கு ரப்பரின் மூப்பு அன்றாட விஷயம்.

மனித மூப்புக்கும் ஃப்ரீ ரேடிக்கல்கள் எனப்படும் வினைத்திறன் மிக்க மூலக்கூறுகளே காரணம் என்று 1956-இல் எழுதிய டென்ஹாம் ஹார்மன், மருத்துவம் படிக்குமுன் ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் வேதியியலாளராக இருந்தவர். அதற்கு இரண்டாண்டு முன்பே ஆக்சிஜன் நச்சையும் கதிர்வீச்சுப் பாதிப்பையும் ஒரே வழியில் விளக்கிய ரெபேகா கெர்ஷ்மனுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்போர் உண்டு. 1969-இல், இவற்றைத் தணிக்கும் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் நொதியின் பணி தெரியவந்தது. 1985-இல் ஹெல்முட் சீஸ் 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்' என்ற பெயரை நிலைநிறுத்தினார்.

சென்னையின் பங்கு தரமணியில் உருவானது. சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தில் பி. அறிவழகன், சி. பன்னீர்செல்வம் குழுவினர் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வயதான எலிகளுக்கு ஆன்டி-ஆக்சிடன்டான லிப்போயிக் அமிலம் செலுத்திச் சோதித்தனர். இரண்டு கிராம் அளவேயான எலிமூளையை அவர்கள் மொத்தமாக அரைத்துவிடவில்லை. புறணி, சிறுமூளை, ஸ்ட்ரையேட்டம், ஹிப்போகேம்பஸ், ஹைப்போதலாமஸ் எனப் பிரித்தெடுத்துத் தனித்தனியே அளந்தனர். பொறுமையும் கைத்திறனும் வேண்டிய வேலை. முதிய எலிகளில் கொழுப்புச் சிதைவு கூடியும் காப்பு நொதிகளும் குளூட்டாதயோன் என்ற காப்புப் பொருளும் குறைந்தும் இருந்தன. அமிலம் செலுத்திய பின் நிலைமை தேறியது.

மனிதரிடம் கிடைத்த விடை இவ்வளவு தெளிவானதல்ல. 1997-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 341 அல்சைமர் நோயாளிகளிடையே ஆன்டி-ஆக்சிடன்டான வைட்டமின் ஈ நோயின் கடும் கட்டங்களைச் சற்றுத் தள்ளிப்போட்டதாகத் தெரிந்தது. தொடக்கநிலை வேறுபாடுகளைக் கணக்கில் சரிசெய்த பிறகே அந்த முடிவு கிடைத்தது என்பது விவாதத்துக்கு இடமானது. லேசான நினைவுக் குறைவு உள்ள 769 பேரிடம் செய்து 2005-இல் வெளியான சோதனையில் வைட்டமின் ஈ-யால் பயனில்லை. 2014-இல் வெளிவந்த, 613 முன்னாள் படைவீரர்களிடம் நடத்திய ஆய்வில் வைட்டமின் ஈ பெற்றவர்களின் அன்றாடச் செயல்திறன் மற்றவர்களைவிட மெல்லக் குறைந்தது. நினைவுச் சோதனையில் அத்தகைய பலன் தெரியவில்லை. ஆக்சிஜனேற்றம் நோயின் காரணமா, விளைவா என்பதில் ஆய்வாளர்கள் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை.

அண்மைக் கவனம் காற்றின்மீது. மெக்சிகோ நகரிலும் மான்செஸ்டரிலும் வாழ்ந்தவர்களின் மூளையில் மேக்னடைட் நுண்துகள்கள் இருந்ததை 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. எரிபொருள் எரியும்போது பிறக்கக்கூடிய இத்துகள்கள் ஆக்சிஜனேற்றத்தைத் தூண்ட வல்லவை. 2020-இல் லான்செட் ஆணையம் காற்று மாசை மறதிநோயின் அபாயக் காரணிகளில் சேர்த்தது. இக்கவலை சென்னைக்கும் பொருந்தும்: திருவொற்றியூருக்குப் பக்கத்தில் மணலிச் சுத்திகரிப்பு ஆலை 1969 முதலும், எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரையும் இயங்கிவந்துள்ளன.