வாழை விட்ட இடம்

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைச்சாலையில் இருக்கிறது வடகவுஞ்சி. அதைச் சுற்றிய கீழ்ப்பழனி மலைச் சரிவுகளில் ஒரு காலத்தில் விருப்பாச்சி வாழைதான் ராஜா. நீர்ச்சத்து குறைந்த, மணம் மிகுந்த பழம். சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல் பிசையும் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு இதைவிடப் பொருத்தமான பழம் வேறில்லை. அடிவாரத்திலேயே கோயில் இருக்க, சந்தையைத் தேடி மலைக்காரர்கள் அலைய வேண்டியிருக்கவில்லை.

வாழைக்கு இங்கே இன்னொரு வேலையும் இருந்தது. இளம் காப்பிச் செடிக்கு அது நிழல் தந்தது.

1970-களில் பதினெட்டாயிரம் ஹெக்டேர் அளவுக்கு இருந்த மலைவாழை, பின்னாளில் இரண்டாயிரமாகச் சுருங்கியது. காரணம் முடிக்கொத்து நோய். 1889-இல் ஃபிஜித் தீவில் பதிவானது, 1913-இல் இலங்கைக்கு வந்தது, 1940 வாக்கில் கேரளத்தில் தென்பட்டது. இந்த நோயைத் தரும் வைரஸ் அரிவாள் வெட்டில் பரவாது, மண்ணில் பரவாது. வாழை அசுவினி என்ற கரும்பழுப்புப் பூச்சிதான் அதன் வாகனம் என்று 1920-களிலேயே ஆஸ்திரேலியாவில் மாகி என்ற ஆய்வாளர் நிரூபித்தார். தூரத்துத் தோட்டத்துக்கோ வைரஸ் கன்றுக்குள் உட்கார்ந்தே போய்விடும். விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. நட்டு வளர்ந்தபின் இலைக்காம்பில் கரும்பச்சைக் கோடுகள் புள்ளியும் கீற்றுமாக ஓடும். அடுத்தடுத்த இலைகள் குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாக நிற்கும். அந்த மரம் தார் போட்டாலும் உருப்படியான தாராக இருக்காது.

வாழை போன இடத்தில் விவசாயிகள் காப்பிக்கும் மிளகுக்கும் மாறினார்கள். அது சந்தர்ப்பவாதமா? அந்தச் சொல்லைக் கேட்டால் நமக்குக் கட்சித் தாவல்தான் நினைவுக்கு வரும். 1967-இல் ஹரியானாவின் கயா லால் இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை தாவினார்; 1985-இல் அதற்குத் தடைச் சட்டமே வந்தது. சூழலியலாளர் இதே பெயரால், காலியிடம் கண்டதும் ஓடிவந்து வேகமாகப் பெருகும் உயிரினங்களைக் குறிக்கிறார். மருத்துவரோ, உடலின் எதிர்ப்புச் சக்தி தளரும்வரை சும்மா இருந்துவிட்டுப் பிறகு தாக்கும் கிருமியைச் சொல்கிறார். இரண்டிலும் வஞ்சகத்துக்கு இடமில்லை. 2009-இல் நோபல் பெற்ற பொருளியலாளர் ஆலிவர் வில்லியம்சன்தான் வஞ்சகத்தைச் சேர்த்தார்: மறைத்தும் ஏமாற்றியும் சொந்த லாபம் தேடுவதே அவர் கணக்கில் சந்தர்ப்பவாதம்.

இந்த அளவுகோலில் மலை விவசாயி தேறிவிடுகிறார். வாழை போன இடத்தில் காப்பியையும் மிளகையும் ஊன்றியவரைச் சந்தர்ப்பவாதி என்பது அநியாயம். பிரேசிலில் 1975-இல் பனி காப்பியைக் கருக்கியபோது உலகச் சந்தையில் விலை ஏறியது. அந்தச் சமயத்தில் காப்பி வைத்திருந்தவரை யார் குறை சொல்ல முடியும்?

விருப்பாச்சி வாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. பஞ்சாமிர்தத்துக்கும் 2019-இல் கிடைத்தது. நோயற்ற திசு வளர்ப்புக் கன்றுகளும் வந்துவிட்டன. ஆனால் நல்ல கன்றுக்கும் காவல் வேண்டும். நோய் கண்ட மரத்தில் முதலில் அசுவினியைக் கொன்று, பிறகு கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும். இதை ஒருவர் மட்டும் செய்தால் போதாது. ஒரு தாராவது தேறட்டும் என்று பக்கத்துத் தோட்டக்காரர் விட்டுவைத்தால், கூட்டம் பெருத்ததும் இறக்கை முளைத்த அசுவினிகள் வேலி தாண்டிவிடும். வில்லியம்சன் சொன்னதற்கு இந்த மலையில் நெருங்கி வருவது அந்த ஒரு தார் ஆசைதான்.