நிலுவையும் நம்பகமும்: பழனிமலை அடிவாரத்துப் பாளையங்கள் முதல் நடத்தை விதிகள் வரை

வரி பாக்கி வைத்தவரை நம்பிப் பாதுகாப்புப் பொறுப்பை ஒப்படைக்கலாமா? பழனிமலை அடிவாரத்தில் இந்தக் கேள்வி கொடைக்கானல் ஊராவதற்கு அரை நூற்றாண்டு முன்பே எழுந்துவிட்டது. அங்கே அமெரிக்க மிஷனரிகள் குடியேறியது 1845இல். கிழக்கிந்தியக் கம்பெனி திண்டுக்கல்லைப் பிடித்ததோ 1790இல். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் அதை முறையாக விட்டுக்கொடுத்தார். விருப்பாச்சி, பழனி, ஆயக்குடி ஆகிய அடிவாரப் பாளையங்கள் இப்படித்தான் கம்பெனியின் கணக்குப் புத்தகத்துக்குள் வந்தன.

பாளையக்காரர் வெறும் வரி வசூலிப்பவர் அல்லர். தேசகாவல், ஸ்தலகாவல் என்ற பெயர்களில் ஊர்களையும் வழிகளையும் காத்து, அதற்கெனக் காவல் வரி வாங்கினார். களவு போனால் பொருளை மீட்டுத் தரவேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்டவேண்டும் என்பது வழக்கம். ஆயுதமும் ஆளும் அவரிடம் இருந்தன. மேலரசுக்கு அவர் கட்டவேண்டியது பேஷ்குஷ். மழை பொய்த்தால் அது தாமதமாகும், பேச்சுவார்த்தையில் குறையும், மேலரசு தளர்ந்தால் நின்றும் போகும். பழைய அரசுகள் இதைப் பேரமாகவே பார்த்தன.

கம்பெனி அப்படிப் பார்க்கவில்லை. கட்டாத பேஷ்குஷ் வெடிமருந்தாக மாறும் என்று அஞ்சியது. நிலுவை அதன் கண்ணில் விசுவாசக் குறைவின் அடையாளம். தெற்கே பாஞ்சாலங்குறிச்சியில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. 1798இல் கலெக்டர் ஜாக்சன் அங்கிருந்த பாளையக்காரர் கட்டபொம்மனை இராமநாதபுரத்துக்கு வரவழைத்தபோது பெரும்பகுதி கட்டப்பட்டு, 1080 பகோடாக்களே மீதி இருந்தன. விவகாரம் தொகையோடு நிற்கவில்லை. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கில் முடிந்தது. விருப்பாச்சி கோபால நாயக்கரின் எதிர்ப்போ பாக்கிக் கணக்கைத் தாண்டியது. 1800 ஜூனில் கோயம்புத்தூர்த் தாக்குதலுக்குத் திட்டமிட்ட கூட்டணியின் தலைவர் அவர். 1801இல் திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார். அவரைக் கடன்காரராகக் காட்டும் வாதம் வரலாற்றைச் சிறிதாக்கிவிடும்.

இந்தக் கதையின் உண்மையான திருப்பம் போர்க்களத்தில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. கம்பெனியின் 1802ஆம் ஆண்டு 25ஆம் ஒழுங்குமுறை, பாளையக்காரர் உள்ளிட்ட ஜமீன்தார்களுக்கு நிலத்தை நிரந்தர வரியில் உறுதி செய்தது. ஆனால் உப்பு, வெடியுப்பு, சுங்கம், சாராய வருமானம் ஆகியவற்றோடு, காவல் அமைப்புக்கென விடப்பட்டிருந்த நிலங்களையும் ரசூம்களையும் (வழக்கக் கட்டணங்களையும்) அரசே வைத்துக்கொண்டது. ஒரே பட்டியலில் உப்பும் காவலும்! இதன் பிறகு நிலுவை வைத்தால் ஜமீன் ஏலத்துக்குப் போகும், அவ்வளவுதான். பாதுகாப்புப் பொறுப்பு ஏற்கெனவே பறிபோய்விட்டது. வரி பாக்கியை இராஜத்துரோகமாகப் பார்க்கவேண்டிய தேவையும் அத்தோடு குறைந்தது.

சுதந்திர இந்தியாவில் அச்சம் இடம் மாறியது. இப்போது சந்தேகம் படை வைத்திருப்பவர் மீதல்ல, கோப்பு வைத்திருப்பவர் மீது: கடனில் மூழ்கியவரை விலைக்கு வாங்கலாம் என்பது. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் (1964) 17ஆம் விதி, தீராத கடனாளியாகவோ திவாலாகவோ ஆகாதபடி சொந்த விவகாரங்களை நடத்தச் சொல்கிறது. கடன் வசூல் வழக்கு வந்தால் உடனே அரசுக்குத் தெரிவிக்கவும் சொல்கிறது. அமெரிக்காவில் இரகசிய அனுமதிக்கான வழிகாட்டு நெறிகள் கட்டாத கடனோடு வருமான வரி கட்டாததையும் பெயர் சொல்லிச் சேர்க்கின்றன. நோய், வேலையிழப்பு போன்ற கைமீறிய காரணங்களைத் தணிப்பாக ஏற்கவும் செய்கின்றன.

மேல்மலையில் பூம்பாறையிலோ மன்னவனூரிலோ ஊராட்சித் தேர்தலில் நிற்பவருக்கும் இதன் எளிய வடிவம் பொருந்தும்: ஊராட்சிக்குச் செலுத்தவேண்டிய பாக்கி தகுதியிழப்பாகலாம். ஆனால் அதற்குமுன் கேட்புச் சீட்டோ அறிவிப்போ கொடுத்திருக்கவேண்டும். பாளையக்காரருக்குக் கிடைக்காத பாதுகாப்பு இது.

அரசு ஊழியருக்கான 17ஆம் விதியிலோ ஒரு குறிப்பு உண்டு. கடன் தன் கட்டுப்பாட்டை மீறியது, ஊதாரித்தனத்தால் வந்ததல்ல என்று நிரூபிக்கும் சுமை ஊழியரையே சேரும்.