கால்ஷீட் போடக் கற்றுக்கொடுத்தது யார்?

டைரக்‌ஷன், கேமரா படிக்கக் கல்லூரி உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். கால்ஷீட் போட்டு, பேட்டா கொடுத்து, லொக்கேஷனுக்கு வண்டி அனுப்பும் புரொடக்‌ஷன் மேனேஜர் எங்கே படித்தார்?

சென்னையில் 1945லேயே ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் சொல்லித்தர ஆரம்பித்துவிட்டார்கள். 1960ல் புனேயில், பழைய பிரபாத் ஸ்டுடியோ இருந்த இடத்தில், திரைப்படக் கல்லூரி வந்தது. அங்கேயும் டைரக்‌ஷன், கேமரா, எடிட்டிங்குக்குத்தான் மவுசு. தயாரிப்பைத் தனிப் படிப்பாக கொல்கத்தா சத்யஜித் ரே கல்லூரி (1995ல் தொடங்கியது) கொண்டுவந்தது ரொம்பப் பிந்தித்தான்.

அதற்கு முன் ஸ்டுடியோதான் கல்லூரி. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸை 1930களில் தொடங்கிய டி.ஆர்.சுந்தரம், இங்கிலாந்தின் லீட்ஸில் ஜவுளி படித்தவர். (காமர்ஸ் மாணவர்கள் கவனிக்க!) ஸ்டுடியோவையும் மில் மாதிரியே நடத்தினார். எழுத்தாளருக்குக்கூட மாதச் சம்பளம், எல்லாம் நேரப்படி, செட்டும் லேபும் ஒரே காம்பவுண்டில். நூறு படங்களுக்கு மேல் வந்தன. அங்கே எடுபிடியாக நுழைந்தவனும் ஒரு நாள் ஷூட்டிங் தள்ளிப்போனால் எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போடக் கற்றிருப்பான்.

1963ல் சுந்தரம் காலமானார். பிறகு ஸ்டுடியோக்கள் தேய்ந்து, எல்லாமே வாடகை என்றானது. கணக்கு இன்னும் கடினமானது, கற்கும் இடமோ போய்விட்டது. ஏற்காடு சாலையில் இன்று மிஞ்சியிருப்பது அந்த முகப்பு வளைவு மட்டும்.