கிபிரின் அடிப்புறம்

வன்னி மக்கள் வானூர்திகளுக்கு இட்ட பெயர்களைத் தொகுத்தால் அதுவே ஒரு போர் வரலாறாகும். ஆளில்லா வேவு விமானம் அவர்களுக்கு 'வண்டு'. கிபிர் தன் சொந்தப் பெயராலேயே அறியப்பட்டது. எபிரேய மொழியில் அதற்குச் சிங்கக்குட்டி என்று பொருள். சிங்கக் கொடியுடைய நாட்டுக்கு அது 1996 இல் வந்து சேர்ந்தது தற்செயலே.

இன்று கிபிரைக் கணினித் திரையில் எவரும் பறக்கவிடலாம். பறப்பு விளையாட்டுகளுக்காக விமான மாதிரிகளை ஆக்குவோர் உலகெங்கும் இருக்கின்றனர். ஊதியமின்றி ஆர்வத்தால் செய்வோரும் அவர்களுள் பலர். இந்த மாதிரிகள் எவ்வாறு உருவாகின்றன என்பதை வரலாறு எழுதுவோரும் அறிந்துகொள்ளல் நன்று.

முதலில் மேல், பக்கம், முன் என மூன்று கோணங்களில் வரைபடங்கள் வேண்டும். கிபிரின் நீளம் 15.65 மீற்றர், சிறககலம் 8.22 மீற்றர். பிளெண்டர் போன்ற மென்பொருளில் அவ்வரைபடங்களைப் பின்னணியாக வைத்து, உடலின் ஒரு பாதியை மட்டும் சிறுசிறு தட்டைப் பரப்புகளால் கட்டுவார்கள். மறுபாதி கண்ணாடி பிம்பம்போல் தானே உருவாகும். கடினமான வேலை அதன் பின்னர்தான் தொடங்குகிறது. தையற்காரர் சட்டையைப் பிரித்துத் துண்டுகளை மேசைமீது பரப்புவது போல, கட்டிய உடலின் தோலை உரித்துச் சதுரமான படமொன்றில் அடுக்க வேண்டும். நிறம், ஆணித்தலை, தகட்டு இணைப்பு, புகைக்கறை யாவும் அச்சதுரத்திலேயே தீட்டப்படும். இருபாதிக்கும் ஒரே துண்டைப் பயன்படுத்தினால் இடம் மிஞ்சும். ஆனால் ஒரு பக்கத்து இலக்கங்கள் இடவலமாகப் புரண்டு தெரியும்.

2000களில் அச்சதுரம் பெரும்பாலும் 1024 புள்ளி அகலம் கொண்டது. இப்போது 4096 சாதாரணம். எவ்வளவு பெருத்தாலும் இடம் போதுவதில்லை. எனவே பங்கீடு செய்கிறார்கள். விளையாடுபவர் விமானி அறைக்குள் அமர்ந்திருப்பார். அல்லது பின்னே சற்று மேலிருந்து பார்ப்பார். அவர் கண்ணிற் படும் பகுதிகளுக்குத் தாராளமாக இடம் கிடைக்கும். அடிப்புறத்துக்கு எஞ்சியதே கிடைக்கும். அது மங்கலாக இருந்தாலும் எவரும் குறை சொல்வதில்லை.

வன்னி மக்கள் கண்டது அந்த அடிப்புறத்தை மட்டுமே.

2006 ஓகஸ்ட் 14 அன்று வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தின் மீது கிபிர்கள் குண்டு வீசின. பயிற்சிப் பட்டறைக்காக வந்திருந்த பாடசாலை மாணவிகள் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அது படைப் பயிற்சி முகாம் என்றது அரசு. யுனிசெப் நிறுவனமும் போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவும் அதற்கான சான்று எதையும் காணவில்லை. கிபிரை மாதிரியாக்குபவர் அதன் வால் இலக்கத்தையும் அணிச் சின்னத்தையும் பிழையறத் தீட்ட முயல்வார். சிறகடியிலுள்ள குண்டுத் தாங்கிகளோ அவருக்கு விருப்பத்துக்கேற்பக் கழற்றவும் மாட்டவும் கூடிய உதிரிகள்.

மறுதரப்பின் விமானத்தைச் செய்ய முனைபவருக்கு இடர் வேறு வகையானது. புலிகள் பறக்கவிட்ட சிலின் 143, நான்கு இருக்கைகள் கொண்ட சிறிய செக் நாட்டு விமானம்; சிறககலம் 10.14 மீற்றர். தொழிற்சாலை வரைபடங்கள் எளிதில் கிடைக்கும். ஆனால் வன்னியில் அதற்குச் செய்த மாற்றம் எந்தத் தொழிற்சாலை ஏட்டிலும் இல்லை. 2007 மார்ச் 26 நள்ளிரவுக்குப் பின் அவை கட்டுநாயக்கா விமானப்படைத் தளத்தைத் தாக்கின. கிபிர்களின் தளம் அதுவே. விமானப்படையினர் மூவர் இறந்தனர். பின்னர் புலிகள் வெளியிட்ட படங்களில் விமானத்தின் வயிற்றின் கீழே குண்டுகள் தொங்குவதைக் காணலாம். அந்த மாற்றத்தை அறியவும் அடிப்புறத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இவை இரவிலேயே தாக்கப் புறப்பட்டன. ஆதலால் ஒலியால் அறிந்தவர்களே மிகுதி என்பது என் எண்ணம். 2009 பெப்ரவரி 20 இரவு கொழும்புக்குப் பறந்த இரண்டில் ஒன்று உள்நாட்டு இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதியது. மற்றது கட்டுநாயக்கா அருகே சுட்டு வீழ்த்தப்பட்டது. அதன் பிறகு சிலினைத் திரையில் மீட்க விரும்புவோருக்கு எஞ்சியவை சில ஒளிப்படங்களும், மேலே பார்த்தபடி பதுங்குகுழிக்கு ஓடியவர்களின் நினைவும்தான். பின்னதை அவர்களிடம் எவரும் இதுவரை வரைந்து காட்டச் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.