பெயர் குறித்துத் தண்டிக்கும் சட்டம்

அமெரிக்க அரசியலறிஞர் என்றதும் நம் மாணவர் நினைவுக்கு வருவது 1776 ஆம் ஆண்டுச் சுதந்திரப் பிரகடனமே. அதனை வரைந்த ஜெபர்சன் பெருமகனார் இரண்டாண்டு கழித்து வேறொன்றையும் வரைந்தார். வர்ஜீனியாவிலே கொள்ளைக் கூட்டமொன்றை நடத்திய ஜோசியா பிலிப்ஸ் என்பான் குறித்த நாளுக்குள் சரணடையாவிடின், எவரும் அவனைக் கொல்லலாம் என்பது அச்சட்டம். விசாரணையில்லை, சாட்சியில்லை, சட்டசபையே நீதிபதி. (ஈற்றில் அவன் பிடிபட்டு, தொப்பிகளைக் கொள்ளையிட்ட வழக்கில் ஜூரிமார் முன் விசாரிக்கப்பட்டே தூக்கிலிடப்பட்டான்.)

1787 இல் அரசியலமைப்பை இயற்றியோர் இத்தகைய சட்டங்களை மத்திய காங்கிரசும் மாநிலங்களும் இயற்றலாகாதெனத் தடுத்தனர். சட்டமியற்றல், ஆட்சி, நீதி ஆகிய மூன்று அதிகாரங்களும் ஒரு கையிற் சேர்வதே கொடுங்கோன்மை என்பது மடிசனாரின் துணிபு. அக்கை தேர்தலில் வென்ற கையாயினும் அவர் விதிவிலக்களிக்கவில்லை.

இவ்வாதம் நமது கல்முனையையும் தொட்டதென்றால் நேயர்கள் வியக்கக்கூடும். 1965 மார்ச்சுத் தேர்தலில் கல்முனைத் தொகுதி கேற் முதலியார் எம். எஸ். காரியப்பர் அவர்களைப் பிரதிநிதிகள் சபைக்கு அனுப்பியது. அவ்வாண்டிலேயே பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 1959 இல் நியமிக்கப்பட்ட தல்கொடபிட்டிய விசாரணைக்குழு, இலஞ்சக் குற்றச்சாட்டு நிரூபிக்கப்பட்டதெனக் கூறியவர்களின் பெயர்கள் அதன் அட்டவணையில் இடம்பெற்றன. அவர்கள் ஏழாண்டுக்குக் குடியியல் உரிமைகளை இழந்தனர். சபையிலிருந்தவர் ஆசனத்தையும் இழந்தார். காரியப்பர் வழக்காடினார். வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது.

அவருக்கு நம்பிக்கையளிக்க ஒரு முன்தீர்ப்பு இருந்தது. 1962 ஆம் ஆண்டு இராணுவச் சதி வழக்கிற்கெனப் பின்னர் இயற்றிய சட்டங்கள் நீதி அதிகாரத்தில் தலையிடுவனவெனக் கூறி, அதே கழகம் 1965 டிசம்பரில் 11 பேரின் தண்டனையை நீக்கியிருந்தது. நமது சோல்பரி அரசியலமைப்பில் அமெரிக்காவிலுள்ளதைப் போன்ற வெளிப்படையான தடை இருந்ததில்லை. அதன் அமைப்பிலிருந்தே நீதிபதிகள் அவ்விதியை உய்த்துணர்ந்தனர். ஆயினும் 1967 இல் காரியப்பர் தோற்றார். அமெரிக்கத் தீர்ப்புக்களையும் ஆராய்ந்த கழகம், அச்சட்டம் குற்றத்திற்குரிய தண்டனையன்று, பொதுச்சபைகளின் தூய்மையைக் காக்கும் ஏற்பாடேயென்றது. மூன்றிலிரண்டு பெரும்பான்மையால் நிறைவேறியதால், முரணிருப்பினும் அதுவே அரசியலமைப்பைத் திருத்திவிடும் என்றும் கூறியது. தண்டனையன்று என்பதை ஏழாண்டு வாக்குரிமை இழந்தவர் எங்ஙனம் ஏற்பார்? பெயரை மாற்றினால் வலி மாறுமோ? இரண்டாவது காரணம் அதனினும் கடியது. பெரும்பான்மையைத் தடுக்கக் கட்டிய மதிலுக்குப் பெரும்பான்மையிடமே திறவுகோல் கொடுத்தாற் போன்றது.

1971 இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிந்தது. அடுத்த ஆண்டு சோல்பரி அரசியலமைப்பும் மறைந்தது. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 81 ஆம் உறுப்புரையோ, விசேட ஜனாதிபதி ஆணைக்குழுவின் விதப்புரைமீது, மூன்றிலிரண்டு பெரும்பான்மைத் தீர்மானத்தால் ஒருவரின் குடியியல் உரிமைகளைப் பறிக்கும் அதிகாரத்தைப் பாராளுமன்றத்துக்கு வெளிப்படையாகவே அளித்தது. 1980 இல் அவ்விதம் ஏழாண்டுக்கு உரிமையிழந்தவர் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கா. சதி வழக்கிற்கெனச் சட்டமியற்றிய 1962 இல் பிரதமராயிருந்தவரும் அவரே.