பிச்சாவரம்: படகுக் குழாமுக்கு முந்தைய உரிமை

பெண்ணாடம் பக்கமாக ஓடிவரும் வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. அந்த முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவிலுள்ள கழிகளில் வளர்ந்தது பிச்சாவரம் அலையாத்திக் காடு. 'இதயக்கனி' (1975) திரைப்படம் அதை ஊரறியச் செய்தது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் கூட்டத்தைக் கொண்டுவந்தது. 2022இல், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்குத் தரப்படும் ராம்சார் தகுதியும் கிடைத்தது. மீன்பிடியிலிருந்து சுற்றுலாவுக்கு மாறுவது இங்குள்ளோருக்கு நல்லதா என்று பலரும் கேட்கிறார்கள். எந்த உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு மாறுகிறார்கள் என்பதே முதலில் கேட்க வேண்டியது.

காட்டை ஒட்டிய கிள்ளையைச் சுற்றி வாழும் இருளர் பழங்குடியினர் வாய்க்கால் நீரில் இறங்கிச் சேற்றைத் துழாவி, கையாலேயே இறால் பிடிப்பவர்கள். ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டால் இரு கையும் வேலைக்கு ஒழியும். இந்தத் தொழிலுக்குப் படகு வேண்டாம், உரிமமும் வேண்டாம். அதனாலேயே படகு, உரிமப் பதிவேடுகளில் அதைத் தேட முடியாது. காடோ 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வனத்துறைக்குப் போய்விட்டது. காப்புக்காட்டுக்குள் ஓர் அரசு நிறுவனம் படகு விட முடியும். தலைமுறைகளாக இறங்கிய ஆள் சட்டத்தின் கண்ணில் அத்துமீறியவராகத் தெரியலாம்.

இதற்கு மருந்தும் சட்டத்திலேயே உண்டு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(1)(ஈ), காட்டு நீர்நிலைகளில் மீன்பிடிப்பதைச் சமூக உரிமையாக ஏற்கிறது. ஆனால் 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணையால், தமிழகத்தில் இச்சட்டப்படி உரிமை வழங்குவது பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. மேலும், இச்சட்டப்படி உரிமை கோர, பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே காட்டைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்டினால் போதும். மற்றவர்களோ மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு வாழ்வை நிறுவ வேண்டும். சாதிச் சான்றிதழுக்காக இருளர்கள் ஏன் அவ்வளவு அலைகிறார்கள் என்பது இங்கே விளங்கும்.

கடற்கரைப் பக்கம் கதை வேறு. 2004 சுனாமிக்குப் பின் வந்த வருவாய்த் துறை அரசாணை 172 (30.3.2005), உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் போகச் சம்மதித்தோருக்கு இலவச வீடு தந்தது, கைவிட்ட மனை அரசின் வசமாகும். போக மறுத்தோர் சொந்தச் செலவில் பழுது பார்த்துக்கொள்ளலாம், உதவி கிடையாது. உயிருக்கு அஞ்சி நின்றவர்களிடம் வைக்கப்பட்ட இந்தத் தெரிவைத் தெரிவு என்று சொல்ல எனக்குத் தயக்கம். 14 ஆண்டுக்குப் பின், 2019 ஜனவரியில் வந்த கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊர்ப்புறக் கரைகளில் கட்டுமானத் தடை எல்லையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. மீனவர்கள் தம் வீட்டிலேயே, அதன் அடித்தளப் பரப்பை மாற்றாமல், விருந்தினரைத் தங்கவைக்கலாம் என்றும் சொன்னது. கரையிலேயே வீடுள்ளவருக்கு இது வருமானம். அரசின் சொல்லைக் கேட்டு உள்ளே போனவருக்கு இதில் என்ன இருக்கிறது?

சுற்றுலா வந்ததால்தான் காடு தப்பியது என்பார்கள். அப்படியே ஒப்புக்கொள்ள முடியவில்லை. மொட்டையடித்து வெட்டப்பட்டுத் தேய்ந்த பகுதிகளில் 1990களில் மீன்முள் வடிவ வாய்க்கால் வெட்டி மரம் வளர்த்த முயற்சி, வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர் மக்களைச் சேர்த்துக்கொண்டு செய்தது. துடுப்புப் போடும் வேலை சில குடும்பங்களுக்குக் கூலி தருகிறது என்பது உண்மை. கூலி வேறு, நீரின் மீதான உரிமை வேறு.

உரிமையை 'மீனவர்' என்ற ஒரே பெயரில் எழுதிவிடுவதிலும் ஆபத்து உண்டு. வலைக்காரருக்கும் கையால் பிடிக்கும் இருளருக்கும் ஒரே வாய்க்காலில் ஒரே நலன் இல்லை. பொதுப் பெயரில் வழங்கினால் பலமுள்ளவர் கைக்கே அது போகும். நடைமுறைச் சிக்கலும் ஒன்று உண்டு. கிள்ளை ஒரு பேரூராட்சி; ஊராட்சிகளைப் போல அங்கே கிராம சபை கூடுவதில்லை. வன உரிமைச் சட்டமோ கோரிக்கையை அந்தச் சபையிலிருந்தே தொடங்கச் சொல்கிறது. ஆகவே மாவட்ட நிர்வாகம் குடியிருப்பு வாரியாக வயதுவந்தோர் கூட்டத்தைக் கூட்டி, எந்த வாய்க்காலில் யார், எந்தப் பருவத்தில் இறங்குகிறார்கள் என்று பதிவு செய்ய வேண்டும். புதிய படகு வழித்தடங்களுக்கான வரைபடம் அதன் பிறகு வரையப்பட வேண்டியது.