இரும்புக்கு அடங்காத சோகை

பெரகல முதல் பதுளை வரை பரந்த ஊவாத் தோட்டங்களிற் குருதிச்சோகை என்றதும் கொக்கிப்புழுவும் இரும்புச்சத்துக் குறைவுமே நினைவுக்கு வருவன. 1916இல் இலங்கையில் றொக்பெல்லர் நிறுவனத்தார் தொடங்கிய இயக்கம் தோட்டங்களில் ஒழிக்க முயன்றதும் இப்புழுவையே.

1888இல் ஜேர்மானிய அறிஞர் போல் ஏர்லிக் விவரித்த சோகையோ வேறினத்தது. இதற்கு இரும்பு பயன்தராது. குருதியை ஆக்கும் என்பு மச்சையே வற்றிவிடுவதால் செங்குழியம், வெண்குழியம், குருதிச் சிறுதட்டு ஆகிய மூன்றும் குன்றுகின்றன.

வற்றிய ஊற்றுக்கு மாற்றூற்றுத் தேடியோருள் தலையாயவர் அமெரிக்க மருத்துவர் டொனல் தோமஸ். 1957இல் அவர் வெளியிட்ட முதல் முயற்சிகள் நிலைக்கவில்லை. உடல் அந்நியக் கலங்களைப் பகைக்கும் என்பதே தடை. 1958இல் பிரான்சிய அறிஞர் ஜோன் டோசே கண்டறிந்த வெண்குழிய அடையாளம், பொருத்தம் பார்க்கும் வழியைத் திறந்தது. 1972இல் தோமஸ் குழுவினர், உடன்பிறந்தார் மச்சையால் இச்சோகைக்குச் சிகிச்சையளித்தமையை வெளியிட்டனர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மச்சை மாற்று 1986இல் தொடங்கிற்று. 1990இல் தோமஸ் நோபல் பரிசு பெற்றார்.

உடன்பிறந்தார் ஒருவர் முற்றாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றே. பொருந்துவார் இல்லாதார்க்குக் குதிரைச் சீரத்திலிருந்து பெறும் எதிர்ப்பொருளும் சைக்குளோஸ்போரினும் உதவுகின்றன.

இவ்வரலாறு மலையகத்துக்கு உணர்த்துவது ஒன்றுண்டு. மாற்றுக்கு முன் குருதியேற்றம் மிகுந்தாற் புதிய மச்சையை உடல் தள்ளிவிடும் அபாயமும் மிகும். ஆதலின் வெளிறிய முகத்தோடு தோலிற் கண்டலும் ஈறிற் குருதிக்கசிவும் ஓயாத காய்ச்சலும் சேருமாயின், இரும்பு வில்லையோடு அமையாது, குருதிக்கல எண்ணிக்கையை விரைந்து எடுத்தல் வேண்டும். காலந்தாழ்த்திய கண்டறிதல், பொருந்திய உடன்பிறப்பு அருகிருந்தும் பயனின்றிப் போகச் செய்யலாம்.